நனையாத புராஜெக்டுக்கு எதற்கு மார்க்?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "கவிதையா, ஜோக்கா, கட்டுரையா?" என்றேன். "கவிதை ஏற்கெனவே நாற்பது வந்திருக்குடா. முப்பத்தெட்டுல நிலா இருக்கு" என்றான். ஆகவே கட்டுரை. நிலாவைப் பற்றி எழுத எனக்கு வராது. உடைந்துபோன ஒரு விமானத்தின் அடிவயிற்றைப் பற்றி எழுதுகிறேன். பொறுத்தருள்க.

தை மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. அன்னூர் பக்கம் எங்கள் ஊர்க் குட்டை. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து செய்த நீர்விமான மாடல் முதல்முறையாக மேலே கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீரில் இறங்கியது. இறங்கியது என்று எழுதுவது மரியாதைக்காக. விழுந்தது. 'பொட்'டென்று, சூறைத்தேங்காய் விட்ட மாதிரி ஒரு சத்தம். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "ஏங்கண்ணு, ஒடைக்கறதுக்குத்தான் இத்தன நாளு செஞ்சீங்களா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அதனால்தான் அதிகமாக வலித்தது. இன்று கேட்டால், "ஆமாங்க, அதுக்குத்தான்" என்று சொல்வேன். அன்று வாய் வரவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். தண்ணீரில் இறங்கவேண்டிய பொருளுக்குத் தண்ணீரில் வைத்துத்தான் மார்க் போடவேண்டும். பம்பு செய்தவன் தண்ணீர் இறைத்துக் காட்டட்டும். ஜாக்கி செய்தவன் வண்டியைத் தூக்கிக் காட்டட்டும். மேசை மேல் வைத்து, பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து, ஃபைல் பைண்டிங்கைத் தடவிப் பார்த்துப் போடும் மார்க்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏன் இல்லை என்பதை எங்கள் விமானத்தின் வயிற்றை வைத்தே சொல்கிறேன்.

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்விக்குப் பதில். கடல் இல்லாத கோயமுத்தூரில் நீர்விமானம் எதற்கு? நண்பர்களே, கடல் இல்லாத நம் ஊரில் கடற்படையே இருக்கிறது! ரெட்ஃபீல்ட்ஸில் 'ஐ.என்.எஸ். அக்ரானி' என்ற பெயர்ப் பலகையைப் பார்த்ததில்லையா? இரண்டாம் உலகப் போர் நடந்தபோது சூலூர் விமானதளம் பிரிட்டிஷ் கடற்படையின் கையில்தான் இருந்தது. சென்னைக்குக் குடிநீர் தரும் செங்குன்றம் ஏரியில் அதே போர்க்காலத்தில் 'கேட்டலினா' என்ற பறக்கும் படகுகள் இறங்கி ஏறின. பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன் அங்கே இருந்தது. இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் கொக்கல என்ற காயலிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினாதான், 1942 ஏப்ரல் 4-ந்தேதி, கொழும்பைத் தாக்க வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பல் படையை முதலில் கண்டு தகவல் சொன்னது. ஓட்டியவர் லெனார்ட் பிர்ச்சல் என்ற கனடாக்காரர்.

இக்காலத்துக் கதை வேண்டுமா? 2020 அக்டோபர் 31-ல் அகமதாபாத் சபர்மதி ஆற்றிலிருந்து கேவடியாவுக்கு நீர்விமானம் விட்டார்கள். சில மாதத்தில் நின்றுபோனது. 2024 நவம்பரில் கொச்சியிலிருந்து மூணாறு பக்கத்து மாட்டுப்பட்டி அணையில் ஒரு விமானத்தை இறக்கிச் சோதனை பார்த்தார்கள். உடுமலைக்காரர்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம்தான். அவையெல்லாம் சாதாரண விமானத்துக்குக் கீழே இரண்டு மிதவைகளை மாட்டிய வகை. நாங்கள் எடுத்துக்கொண்டது கேட்டலினா வகை. விமானத்தின் உடம்பே படகு. ஆகவே அடி விழுந்தால் உடம்பிலேயே விழும்.

தண்ணீருக்கு எங்கே போனோம் என்பது இன்னொரு கதை. சிங்காநல்லூர்க் குளம், சூலூர்க் குளம் எல்லாம் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பீளமேட்டு விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் பக்கத்தில் இருக்க, அங்கே ரிமோட் விமானத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள்படி சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எதையும் பறக்கவிடக் கூடாது. எங்கள் ஊர் பச்சை மண்டலம். எழுத்து வேலைகளை எங்கள் கைடு சார் பார்த்துக்கொண்டார்.

அந்தக் குட்டையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நான் பிறந்ததிலிருந்து அதில் வேலிக்கருவை முள்ளைத்தான் பார்த்திருக்கிறேன். அத்திக்கடவு - அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்டு 17-ல் தொடங்கி வைக்கப்பட்டது. மூன்று மாவட்டத்தில் 1045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணீர். அதில் எங்கள் குட்டையும் ஒன்று. நூறு நாள் வேலையில் அதைத் தூர்வாரிய கூட்டத்தில் என் அம்மாவும் உண்டு. "நாங்க மண்ணள்ளிப் போட்ட குட்டைல நீ பொம்மை விடறயா?" என்று கேட்டது. பொம்மை இல்லை அம்மா, புராஜெக்ட் என்றேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். அப்பா விசைத்தறியில் இருக்கிறார். புராஜெக்ட் என்றால் என்னவென்று நான் சொன்னதுதான் அவர்களுக்கு அர்த்தம். அதனால் உடைந்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் என்ன சொல்வது என்று தெரியாமல் குட்டைக்கரையிலேயே இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் மாடல் இறக்கைக்கு இறக்கை 1.2 மீட்டர். எடை 1100 கிராம். உடம்பு தெர்மோகோலில், நைக்ரோம் கம்பியைச் சூடாக்கி வெட்டியது. மேலே பழுப்புக் காகிதம், வெள்ளைப் பசை. மோட்டாரைத் தண்ணீர் படாதபடி இறக்கைக்கு மேலே தூக்கி வைத்தோம். ரிசீவரை பலூனுக்குள் போட்டுக் கட்டினோம். அடிப்பாகம் தட்டை. ஏனென்றால் தட்டையாக வெட்டுவது சுலபம்! இதைவிடப் பெரிய காரணம் எதுவும் அன்று இல்லை.

முதல் ஞாயிறு விமானம் கிளம்பவே இல்லை. மோட்டார் கத்துகிறது, தண்ணீர் தெறிக்கிறது, மூக்கு தூக்குகிறது, அவ்வளவுதான். தண்ணீர் விடமாட்டேன் என்கிறது. நனைந்த கண்ணாடித் தகட்டை மேசையிலிருந்து தூக்கிப் பாருங்கள், எப்படி ஒட்டுகிறது? அதே கதை. வளைந்து மேலேறும் வால்பக்கத்தைத் தண்ணீர் பிடித்துக் கீழே இழுக்கிறது. அதற்காகத்தான் பறக்கும் படகுகளின் அடியில், எடைமையத்துக்குச் சற்றுப் பின்னால், குறுக்கே ஒரு 'ஸ்டெப்' வைக்கிறார்கள். திண்ணைப் படி மாதிரி ஒரு சின்ன வெட்டு. தண்ணீர் அந்த விளிம்பில் பிய்ந்துவிடும், பின்பக்கத்துக்குக் காற்று புகும். அதன்பிறகு விமானம் மிதப்பதை விட்டுவிட்டு வழுக்க ஆரம்பிக்கும். ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிந்தால் தத்தித் தத்திப் போகிறதே, அதே வித்தை. நாங்கள் 12 செ.மீ. அகல உடம்புக்கு 8 மில்லிமீட்டர் படி வெட்டினோம். இரண்டாவது ஞாயிறு காற்று. மூன்றாவது ஞாயிறு கிளம்பியது. பிறகு நடந்ததை மேலே சொல்லிவிட்டேன்.

ஏன் உடைந்தது? கிணற்றில் நீச்சல் பழகிய ஒவ்வொருவனுக்கும் இதற்கு விடை தெரியும். சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து குதிக்கும்போது காலோ தலையோ முதலில் போனால் தண்ணீர் வழிவிடும். மல்லாக்கவோ குப்புறவோ தட்டையாக விழுந்தால்? நெஞ்சு மிளகாய் அரைத்துப் பூசினதுபோலச் சிவந்துபோகும். தண்ணீர் அதேதான், உயரம் அதேதான், விழுகிற விதம்தான் வேறு. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி. எங்கள் விமானம் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் மூக்கை நேராகத் தண்ணீரில் குத்தினால் என்ன அழுத்தம் என்று நாமே போடலாம். அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கு. 500 பெருக்கல் 64, ஆக 32,000 பாஸ்கல். பத்துக்குப் பத்து செ.மீ. இடத்தில், அதாவது உள்ளங்கை அகலத்தில், சுமார் 32 கிலோ பாரம். பாதி மூட்டை சிமெண்டுக்கும் மேலே! தாங்குவது தெர்மோகோலும் பழுப்புக் காகிதமும்.

வான் கார்மான் என்ற அறிஞர் 1929-லேயே நீர்விமான மிதவைகள் தண்ணீரில் மோதும் விசையைக் கணக்குப் போட்டு எழுதினார். அடிப்பாகம் 'வி' வடிவமாக இருந்தால், அது கொஞ்சம் கொஞ்சமாக நீருக்குள் இறங்கும். அடி ஒரே கணத்தில் விழாமல் பரவி விழும். கோணம் குறையக் குறைய அடி கூடும். அடி முழுத் தட்டையானால் அந்தச் சாதாரணக் கணக்கே கைவிரித்துவிடும். கிணற்றில் நாம் நெஞ்சால் படித்ததை அவர் பேப்பரில் எழுதிவிட்டார்.

சரி, உடைந்தது. இப்போது என்ன செய்வது? எங்கள் குழுவில் இரண்டு கட்சி. சோமனூர்க்காரன், "காந்திபுரத்துல ஒரு கடையில ரெடிமேடா கெடைக்குதுடா. ரிப்போர்ட்டோட சேத்துத் தர்றாங்க. ஆளுக்கு மூவாயிரம் போட்டா முடிஞ்சுது" என்றான். பொள்ளாச்சிக்காரன், "எச்சா ஃபைபர் போட்டு இரும்பு மாதிரி ஆக்கிரலாம்" என்றான். நான் இரண்டாவது கட்சியில் சேர்ந்தேன். கொள்கை எல்லாம் காரணமில்லை. என்னிடம் மூவாயிரம் இல்லை.

பலப்படுத்துவது என்றால் கனமாக்குவது என்று நம்மில் எத்தனை பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்! நானும் அப்படித்தான் நினைத்தேன். முதலில் விலை குறைவு என்று பாலியெஸ்டர் ரெசின் வாங்கி வந்து தெர்மோகோல் மேல் பூசினோம். அடுத்த ஐந்து நிமிடத்தில் எங்கள் விமானத்தின் மூக்கு, வெந்நீரில் போட்ட சர்க்கரை மாதிரி கரைந்து உள்வாங்கியது. பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் தெர்மோகோலைத் தின்றுவிடும் என்று அன்றுதான் தெரிந்தது. (ஜூனியர் தம்பிகளே, இந்த ஒரு வரிக்காகவாவது இந்த மலரைப் பத்திரமாக வையுங்கள். தெர்மோகோல் மேல் எபாக்ஸி மட்டும்தான்.)

புதிய உடம்பு வெட்டினோம். இந்தமுறை அடி 20 டிகிரி 'வி'. எபாக்ஸி, ஃபைபர் துணி, இரண்டு சுற்று. மூக்கிலிருந்து வால் வரை, மேலே கீழே எல்லா இடமும், மம்மிக்குத் துணி சுற்றுவதுபோல. தட்டினால் 'டங்' என்றது. பெருமையாக இருந்தது. மளிகைக்கடைத் தராசில் வைத்தோம். 1500 கிராம்.

இங்கேதான் நான் இந்த மூன்று வருடத்தில் கற்ற ஒரே உருப்படியான பாடம் இருக்கிறது. கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். 1100 கிராம் 1500 ஆனால் எடை 36 சதவீதம் கூடியது. அதே இறக்கை அந்த எடையைத் தாங்கவேண்டுமென்றால் வேகமாகப் போயாகவேண்டும். தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே வேகத்தின் வர்க்கம் 36 சதவீதம் கூடவேண்டும். தண்ணீர் கொடுக்கும் அழுத்தமும் அதே வேகத்தின் வர்க்கம்தானே? அதுவும் 36 சதவீதம் கூடிவிட்டது! நாங்கள் எவ்வளவு ஃபைபரைச் சுற்றினோமோ அதே விகிதத்தில் அடியையும் கூட்டிக்கொண்டோம். மறுபடி அடுத்த சுற்று ஃபைபர் போட்டால்? மறுபடி அடி கூடும். கடன் வாங்கி வட்டி கட்டுகிற கதை.

போதாததற்கு ரெசின் தடிப்பாகப் பூசியதில் அடிப்பக்க ஓரங்களும் ஸ்டெப்பின் விளிம்பும் மழுங்கி உருண்டுவிட்டன. கூரான ஓரத்தில் பிய்ந்துபோக வேண்டிய தண்ணீர், உருண்ட ஓரத்தைப் பற்றிக்கொண்டு மேலேறியது. விமானம் மறுபடி கிளம்ப மறுத்தது. அந்த நான்காவது ஞாயிறு சோமனூர்க்காரன் எங்களை விட்டுப் போனான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவன் ராத்திரி ஒரு லேத் பட்டறையில் வேலை செய்துவிட்டுக் காலையில் கிளாசுக்கு வருகிறவன். ஞாயிறு ஒருநாள்தான் அவனுக்குத் தூக்கம்.

அந்த வாரம் சிறுமுகையிலிருந்து எங்கள் அப்புச்சி வந்திருந்தார். அம்மாவைப் பெற்றவர். பவானியில் பரிசல் ஓட்டியவர். கையெழுத்துப் போடத் தெரியாது. திண்ணையில் கிடந்த இரண்டு உடைந்த உடம்புகளையும் எடுத்து, குழந்தைக்கு வயிறு தட்டுவதுபோல விரலால் தட்டிக்கொண்டே போனார். பிறகு, "அடி பட்டது இங்கதான? வாலுக்கு எதுக்குச் சாமி இத்தன சட்டை?" என்றார்.

நான் திரும்ப எடுத்துப் பார்த்தேன். உடைந்த அடியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! நசுங்கல், கீறல், காகிதம் கிழிந்த இடம் எல்லாவற்றையும் ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போட்டேன். அத்தனையும் மூக்கின் அடியிலிருந்து ஸ்டெப் வரைக்கும் உள்ள பகுதியில். ஸ்டெப்புக்குப் பின்னால் ஒரு கீறல்கூட இல்லை. மேல்பக்கம் சொல்லவே வேண்டாம். நாங்கள் சுற்றிய ஃபைபரில் பெரும்பகுதி ஒரு அடியும் வாங்காத இடத்தில் சும்மா உட்கார்ந்து சவாரி செய்திருக்கிறது.

பரிசல் எப்படிக் கட்டுவார்கள் என்று அப்புச்சி சொன்னார். மூங்கில் சிம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, அடிநடுவில் நெருக்கமாகவும் ஓரத்துக்குப் போகப்போக விலக்கியும் வைப்பார்களாம். முன்பு மேலே தோல். பிறகு சாக்கும் தாரும். "பாறைல இடிச்சா பரிசலு நெளியும், ஒடையாது. ஒரு சிம்பு வாங்குன அடிய பக்கத்துச் சிம்பு பங்கு போட்டுக்கும்." சிவில் நண்பர்கள் இதை 'லோடு டிஸ்ட்ரிபியூஷன்' என்று தேர்வில் எழுதி மார்க் வாங்குகிறீர்கள்.

அப்புச்சி சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நான் எழுதமாட்டேன். பரிசல் நெளியலாம். விமானத்தின் அடி நெளிந்தால் 'வி' கோணம் மாறும், தண்ணீர் ஒட்டும். இன்னொன்று, மூங்கிலின் தோல்பக்கம் வெளியே பார்க்கவேண்டும் என்றார். ஆற்றுப் பாறை உரசுவதற்கு அது சரி. ஆனால் எங்கள் அடியில் அடி வெளியிலிருந்து விழும்போது இழுவிசை உள்பக்கத்தில்தான் வருகிறது. மூங்கிலில் நார் நெருக்கமாக உள்ளது தோலோரம். ஆகவே நாங்கள் தோலை உள்ளே வைத்தோம். அப்புச்சி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மூன்றாவது உடம்பு இப்படி அமைந்தது. நடுவில் மூக்கிலிருந்து ஸ்டெப் வரை ஒரு மூங்கில் சிம்பு. அதுதான் முதுகெலும்பு. முன்பகுதியில் 4 செ.மீ. இடைவெளியில் குறுக்குச் சட்டங்கள், ஸ்டெப்புக்குப் பின்னால் 8 செ.மீ.க்கு ஒன்று. மெல்லிய ஃபைபர் துணி ஒரே ஒரு சுற்று, அடியில் மட்டும், ஓரத்தில் ஒரு விரல் அகலம் மேலேறும்படி. மூக்கின் அடியில் மட்டும் இன்னொரு துண்டு. கூடுதல் ரெசினைப் பழைய அட்டையால் வழித்து எடுத்தோம். ஓரங்களையும் ஸ்டெப்பையும் உப்புத்தாள் போட்டுக் கூராக்கினோம். மேலே வெறும் காகிதம், வார்னிஷ். எடை 1180 கிராம்.

ஆனால் மறுபடி குட்டையில் இறக்க எங்களுக்குத் தைரியம் இல்லை. சட்டென்று பொள்ளாச்சிக்காரனுக்கு ஒரு யோசனை. நம் சிவில் டிபார்ட்மெண்ட்டில் கான்கிரீட் கட்டிகளை ஊறவைக்கும் தொட்டி இருக்கிறதல்லவா? லேப் அண்ணனிடம் கெஞ்சி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் இறக்கை இல்லாத வெறும் உடம்பில் மீதி எடைக்கு மணல் மூட்டை கட்டி அதில் போட்டோம். 5 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் தண்ணீரைத் தொடும்போது செங்குத்து வேகம் விநாடிக்கு 1 மீட்டர். 20 செ.மீ. என்றால் 2 மீட்டர். ஐந்தில் ஆரம்பித்து ஐந்தைந்தாகக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் தராசில் வைத்தோம். எடை ஏறினால் எங்கோ தண்ணீர் குடிக்கிறது என்று அர்த்தம். 30 செ.மீ.யில் ஒரு குறுக்குச் சட்டம் விட்டுவிட்டது. அதை மட்டும் மாற்றினோம். ஒரு பைசா செலவில்லை. முன்பே இதைச் செய்திருந்தால் முதல் இரண்டு உடம்பும் குட்டைக்கே போயிருக்காது.

மாசி இரண்டாவது ஞாயிறு கிளம்பியது, இறங்கியது, மறுபடி கிளம்பியது. மொத்தம் ஏழு தடவை. எட்டாவதில் இடது இறக்கை நுனியின் சின்ன மிதவை கழன்று போனது. வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டுக்காரப் பெரியவர் விசில் அடித்தார்!

அடுத்த புதன் இரண்டாவது ரிவ்யூ. மேசை மேல் வைத்தோம். பக்கத்து மேசையில் கடையில் வாங்கிய ஒன்று, கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுமினுவென்று. எங்களுடையதில் ஒட்டு, சிராய்ப்பு, சேற்றுக் கறை. "ஏன் பெயிண்ட் சரியா அடிக்கல? ஃபினிஷிங் கம்மி" என்று மார்க் குறைந்தது. எத்தனை முறை தண்ணீரில் இறங்கியது என்று யாரும் கேட்கவில்லை. மினுமினு மாப்பிள்ளையிடமும் கேட்கவில்லை. அதன் அடி தட்டை. ஸ்டெப் இல்லை. ஸ்டெப் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கோடு பெயிண்டில் வரைந்திருந்தது. இதை நான் பொறாமையில் சொல்வதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பொறாமையும் உண்டுதான்.

மார்க் போடுகிறவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஒரு மத்தியானத்தில் இருபது குழுவைப் பார்க்கவேண்டும். ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்க்க நேரம் ஏது? நாமும் அதைத் தெரிந்துகொண்டுதானே கடைக்கு ஓடுகிறோம்? உடைந்தால் மார்க் போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை எவனும் எதையும் தண்ணீரில் போடமாட்டான். இதுதான் முடிச்சு. ஒட்டுப் போட்ட வயிறு அசிங்கம் என்று நினைக்கிறோம். 1945 ஆகஸ்டு 2-ந்தேதி ஏட்ரியன் மார்க்ஸ் என்ற அமெரிக்கர், மூழ்கிப்போன இண்டியானாபொலிஸ் கப்பலின் ஆட்களைக் காப்பாற்ற, கொந்தளிக்கும் நடுக்கடலில் ஒரு கேட்டலினாவை இறக்கினார். மோதிய வேகத்தில் அடித்தகட்டின் ரிவெட்டுகள் தெறித்து, மூட்டுகள் விரிந்து தண்ணீர் பீறிட்டது. உள்ளே இருந்தவர்கள் ரிவெட் ஓட்டைகளில் பென்சிலைச் செருகினார்கள், மூட்டுகளில் பஞ்சை அடைத்தார்கள். அந்த ஓட்டை வயிற்றோடு 56 பேரை ஏற்றிக் காப்பாற்றினார்கள். நம் ரிவ்யூவுக்கு வந்திருந்தால் அந்த விமானத்துக்கு ஃபினிஷிங்கில் எத்தனை மார்க் கிடைத்திருக்கும்?

ஆகவே பேரவை நண்பர்களுக்கு என் தாழ்மையான வேண்டுகோள். இந்த ஆண்டு நிர்வாகத்திடம் கேண்டீன் வடை சைஸைப் பற்றி மனு கொடுப்பதோடு இதையும் சேர்த்துக் கொடுங்கள். சிவில் தொட்டியை வாரத்தில் ஒரு மதியம் எல்லா டிபார்ட்மெண்ட்டுக்கும் திறந்துவிட வேண்டும். அண்ணனிடம் கெஞ்சாமல் போக வேண்டும். ரிவ்யூவில் ஐந்து மார்க்காவது 'என்ன உடைந்தது, எங்கே உடைந்தது, எதை மாற்றினாய்' என்ற கேள்விக்கு இருக்கட்டும். உடைந்த பாகத்தைக் கையில் கொண்டுவந்து காட்டினால்தான் அந்த ஐந்து மார்க். கடையில் புராஜெக்ட் விற்கலாம், உடைந்த பாகத்தை எந்தக் கடையில் விற்பார்கள்? (விற்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று பொள்ளாச்சிக்காரன் சொல்கிறான். அவனுக்கு வாய் அதிகம்.)

இன்னொன்று. ராத்திரி பட்டறைக்குப் போகிற சோமனூர்க்காரனைப் போன்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை குட்டைக்கு வா என்று சொல்வது எளிது. அவர்களுக்குக் கல்லூரி நேரத்திலேயே புராஜெக்ட் பீரியடை முழுதாகக் கொடுத்தால், அந்த மூவாயிரத்தைக் கடைக்குக் கொடுக்கமாட்டார்கள். டைம்டேபிளில் இருக்கும் அந்த பீரியட் எங்கே போகிறது என்று நமக்கெல்லாம் தெரியும், எழுதினால் இந்தப் பக்கம் அச்சாகாது.

ஃபைனல் வைவா இன்னும் வரவில்லை. மார்க் என்ன ஆகும் என்று தெரியாது. அப்பா கேட்டார், "ஒடைஞ்சதச் சொன்னா மார்க்கு போடுவாங்களா?" என்று. சொல்லத்தான் போகிறேன் என்றேன். மூன்று வயிற்றையும் ஒரு சாக்குப்பையில் கட்டி எடுத்துப்போவதாக இருக்கிறோம். உடைந்தது இரண்டு, உடையாதது ஒன்று.

குட்டையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வருகிறது. இன்னும் இரண்டு மூன்று ஞாயிறு தாங்கும். இடது மிதவையை ஒட்டிக் காயவைத்திருக்கிறேன். வர விருப்பமுள்ளவர்கள் காலை ஏழு மணிக்குள் அன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள், ஒன்பதுக்கு மேல் காற்று எழும்பிவிடும். மாற்றுத் துணி கொண்டுவாருங்கள். விமானத்தை எடுக்கப் பாதித் தூரம் இறங்கித்தான் ஆகவேண்டும்.